வயிறு நிறைந்தால் போதுமா?



“எங்க காலத்துல பசி இருந்துச்சு. இப்ப உள்ள புள்ளைங்களுக்கு என்னம்மா கொறை?”

வட்டகொடைப் பக்கத் தோட்டங்களில் எந்த லயத்து வாசலில் போய் உட்கார்ந்தாலும் மூத்தவர்கள் இப்படிக் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் 1974 ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்டவர்கள். அரிசியும் மாவும் கிடைக்காமல் கீரையையும் கிழங்கையும் அவித்துத் தின்று உயிர் பிழைத்தவர்கள். அந்த ஆண்டில் தோட்டங்களில் மரண வீதம் ஏறியதை அரசாங்கக் கணக்குகளே சொல்கின்றன. அந்த நாட்களோடு ஒப்பிட்டால் இன்று கடை நிறையச் சாமான் தொங்குகிறது. பிள்ளையின் கையில் எந்த நேரமும் ஏதோ ஒரு பைக்கற் இருக்கிறது. பிறகு என்ன குறை?

குறை இருக்கிறது, சகோதரிகளே. 2016 ஆம் ஆண்டு நாடளாவிய குடித்தொகை சுகாதாரக் கணிப்பு நடந்தது. இலங்கையில் 5 வயதுக்குக் குறைந்த 100 பிள்ளைகளை எடுத்தால், அவர்களில் ஏறக்குறைய 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று அது காட்டியது. தோட்டப்புறத்தை மட்டும் தனியாக எடுத்தால் அந்தத் தொகை ஏறக்குறைய 32. அதாவது நம் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர். அதற்குப் பிறகு 2020 இல் கொரோனா வந்தது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. நாட்சம்பளத்தில் அடுப்பெரிக்கும் வீடுகளில் அப்போது முதலில் குறைந்தது முட்டை, அடுத்தது மீன், அதற்கடுத்தது பருப்பு. ரொட்டியும் சாயத்தண்ணியும் மட்டும் குறையவில்லை.

“எங்க பரம்பரையே குள்ளந்தான் டீச்சர்” என்று சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பல வருடங்கள் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள் நான். இந்தப் பேச்சை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் நல்ல பராமரிப்போடு வளர்ந்த பிள்ளைகளை அளந்து, 2006 இல் வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. அவர்கள் கண்டது என்ன? தாய்ப்பாலும் சரியான உணவும் சுத்தமான சூழலும் கிடைத்தால், முதல் 5 வருடங்களில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரேமாதிரித்தான் வளர்கிறார்கள். ஆகவே லயத்துப் பிள்ளை குட்டையாக இருப்பதற்குப் பரம்பரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது.

உயரம் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். உயரம் வெளியில் தெரியும் அடையாளம் மட்டுந்தான். கருவில் இருக்கும் காலத்தையும் முதல் 2 வருடங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 1000 நாட்கள் வரும். அந்த நாட்களில்தான் மூளை வேகமாக வளர்கிறது. அப்போது போஷாக்குக் குறைந்த பிள்ளைக்கு நோய் அடிக்கடி வரும். பாடம் மெதுவாக ஏறும். 6 ஆம் வகுப்பில் “இவனுக்குப் படிப்பு வராது” என்று ஆசிரியர் சொல்லும் பிள்ளையின் கதை, பல வேளைகளில் அவன் 1 வயதில் சாப்பிட்ட தட்டிலேயே தொடங்கியிருக்கும்.

ஒரு சின்னப்பிள்ளையின் ஒரு நாள்

எங்கள் பக்கத்தில் இரண்டரை வயதுப் பெண்பிள்ளை ஒன்று. தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போய்விட்டாள். தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. பிள்ளை அம்மாயியோடு இருக்கிறது. கிளினிக் அட்டையில் அந்தப் பிள்ளையின் நிறைக்கோடு 4 மாதமாக மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தது. மருத்துவமாது சொல்லி அனுப்பியதால் நான் போய்ப் பார்த்தேன்.

“புள்ள நல்லாத்தான் சாப்பிடுது டீச்சர். போனைக் குடுத்தா போதும், அஞ்சு நிமிசத்துல தட்டு காலி” என்றார் அம்மாயி.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, காலையிலிருந்து பிள்ளை என்னென்ன சாப்பிட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். விடிந்ததும் சீனி போட்ட சாயத்தண்ணியும் 4 பிஸ்கட்டும். 10 மணிக்குக் கடையில் வாங்கிய உறைப்புப் பைக்கற் ஒன்று. பகலுக்குச் சோறும் குழம்புத் தண்ணியும், போனைப் பார்த்தபடி. பின்னேரம் திரும்பவும் தேத்தண்ணியும் பணிசும். இரவில் ரொட்டியும் தேத்தண்ணியும். நாள் முழுக்கப் பிள்ளையின் வயிறு காலியாகவே இல்லை. ஆனால் அந்த நாள் முழுவதிலும் தசை வளரவும் இரத்தம் ஊறவும் தேவையான சாப்பாடு ஒரு வாய்கூடப் போகவில்லை.

அன்பில் குறைவில்லை. காசும் மாதா மாதம் தவறாமல் வருகிறது. அம்மாயிக்குத் தெரிந்ததெல்லாம் பேத்தி பசியில் அழக்கூடாது என்பதுதான். தன் காலத்துப் பசியை மனதில் வைத்துக்கொண்டு அவர் பிள்ளையைப் பார்க்கிறார். காலம் மாறிவிட்டது. இன்று நம் பிள்ளைகளைக் கெடுப்பது வெறும் வயிறு மட்டுமல்ல, உதவாததால் நிறைந்த வயிறுந்தான். இதை நாம் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த கேடு அல்ல. 2025 இல் யுனிசெப் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 5 முதல் 19 வயது வரையான பிள்ளைகளில் நிறை குறைந்தவர்களைவிட மிதமிஞ்சிப் பருத்தவர்களின் தொகை உலக அளவில் முதல் தடவையாகக் கூடியிருப்பதாக அது சொன்னது. மலிவான பைக்கற் உணவும் இனிப்புப் பானமும் இதற்கு முக்கிய காரணம். தெற்காசியாவில் இன்னமும் மெலிந்த பிள்ளைகளே அதிகம். ஆனால் அதே பைக்கற் நம் லயத்துக் கடைக்கும் வந்துவிட்டது. மெலிவு போவதற்கு முன்பே அடுத்த கேடு வாசலுக்கு வந்திருக்கிறது.

நாம் பறிக்கும் தேயிலை நம் பிள்ளைக்கு வேண்டாம்

இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். “குளிர் நாடு, சூடா ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காம இருக்க முடியுமா?” என்று கேட்பார்கள். ஆனால் தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. கீரையும் பருப்பும் கொடுத்துவிட்டு உடனே தேத்தண்ணியும் கொடுத்தால், கொடுத்ததில் பெரும்பங்கு வீணாகிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தச்சோகை வரும். பிள்ளை வெளிறிப்போகும், விளையாடாமல் மூலையில் குந்தியிருக்கும், பசியும் குறையும். சீனி போட்ட தேத்தண்ணி சின்ன வயிற்றை நிறைத்துவிடுவதால் சாப்பாட்டுக்கும் இடமில்லை.

எனவே 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டவே வேண்டாம். போத்தலில் ஊற்றிக் கொடுப்பது அதைவிட மோசம். பெரியவர்களும், முக்கியமாகக் கர்ப்பிணிப் பெண்களும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள். குளிருக்குச் சூடாகக் கொடுக்க வேறு எத்தனையோ உண்டு. அரிசிக் கஞ்சி, வல்லாரை அல்லது பொன்னாங்கண்ணி போட்ட இலைக்கஞ்சி, திரிபோஷாக் கஞ்சி, ஒன்றுமில்லாவிட்டால் கொதித்தாறிய இளஞ்சூட்டு நீர்.

திரிபோஷா பற்றியும் ஒரு வார்த்தை. 1973 முதல் இந்த நாட்டில் இருந்துவரும் திட்டம் இது. சோளம், சோயா, பால்மா சேர்ந்த அந்த மா, நிறை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உரியது. 2022 நெருக்கடியில் அது ஒழுங்காகக் கிடைக்காமல் தாய்மார் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறோம். கிடைக்கும் வேளையிலோ, பிள்ளைக்கு வந்த பைக்கற்றை வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்து 3 நாளில் முடித்துவிடுகிறோம். பகிர்ந்துண்பது நல்ல பழக்கந்தான். ஆனால் மருந்தை யாரும் பகிர்ந்து குடிப்பதில்லை. நிறை குறைந்த பிள்ளைக்கு அந்த மா மருந்து மாதிரி.

கையில் போன், வாயில் சோறு

2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது படிப்பு போனுக்குள் போனது. சிக்னல் தேடி மலையுச்சி ஏறிய பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. கடன் வாங்கியாவது போன் வாங்கிக் கொடுத்த பெற்றோர் நம்மில் பலர். படிப்புக்காக வந்த போன் அப்படியே வீட்டில் தங்கிவிட்டது. இன்று அது தாலாட்டும் பாடுகிறது, சோறும் ஊட்டுகிறது.

போனைப் பார்த்துச் சாப்பிடும் பிள்ளைக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம் என்பதே தெரிவதில்லை. ருசி தெரிவதில்லை, போதும் என்று வயிறு சொல்வதும் கேட்பதில்லை. ஊட்டுகிறவரின் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கமும் வருவதில்லை. “இந்தா நிலா, இந்தா காக்கா” என்று சொல்லி ஊட்டிய காலத்தில் பிள்ளைக்குச் சோறும் சொல்லும் ஒன்றாகப் போயின. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்ன அளவு இது: 2 வயது வரை திரை பார்க்கவே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். 3, 4 வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணித்தியாலம் நித்திரை வேண்டும். லயத்து ஒற்றைக் காம்பராவில் இரவு 11 மணி வரை தொலைக்காட்சி ஓடினால் அந்த நித்திரை எங்கிருந்து வரும்?

தாய் தூரத்தில் இருக்கும்போது

தாய் வெளிநாடு போவதைப் பாவம் என்று சிலர் பேசுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தோட்டச் சம்பளத்தில் வீடு கட்ட முடியாது, கடனடைக்க முடியாது என்பது போகிறவளுக்குத்தான் தெரியும். 2013 முதல், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு செல்ல முடியாதபடி விதி இருந்தது. 2022 நெருக்கடியின்போது அந்த வயது 2 ஆகக் குறைக்கப்பட்டது. ஆகவே இனி 2 வயதுப் பிள்ளைகளும் பாட்டிமாரின் கையில் வளரப்போகிறார்கள். யார் போகலாம், யார் போகக்கூடாது என்று வாதாடுவதைவிட, விட்டுச்செல்லும் பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

போவதற்கு முன் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். கிளினிக்குக்கு யார் கொண்டுபோவது, இரவில் காய்ச்சல் வந்தால் யார் ஓடுவது, காசை யார் எதற்குச் செலவழிப்பது என்பதெல்லாம் பேசி முடிவாக வேண்டும். கிழமையில் குறித்த நாள், குறித்த நேரத்தில் பிள்ளையோடு பேசுங்கள். எப்போது பேசுவீர்கள் என்று தெரிந்தால் பிள்ளை காத்திருக்கும், நம்பிக்கையோடு இருக்கும். தகப்பன்மாரே, இது உங்களுக்கும். மனைவி போன வீட்டில் நீங்கள் விருந்தாளி அல்ல. சோறு குழைத்து ஊட்டுவதால் ஆணின் மதிப்புக் குறையாது. இன்னொன்று: தாயில்லாத வீட்டில் பிள்ளை திடீரென்று சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், ஒருவரைக் கண்டு பயந்து ஒதுங்கினால் அதை அடம் என்று அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்வதாகச் சந்தேகம் வந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம்.

சட்டம் தந்ததைக் கேட்டுப் பெறுவோம்

எல்லாப் பாரத்தையும் தாயின் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் கைகழுவக் கூடாது. கொழுந்தின் நிறைக்காக மலையில் ஓடுகிறவளிடம் “பிள்ளைக்கு நேரம் ஒதுக்கு” என்று சொன்னால் போதாது. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நமக்குரியது. மூன்றாவது பிள்ளை முதல் விடுமுறை 42 நாட்கள் என்று இருந்த குறை 2018 இல் நீக்கப்பட்டது. இப்போது எத்தனையாவது பிள்ளை உயிரோடு பிறந்தாலும் 84 நாட்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்ட வேலைநாளில் 2 இடைவேளைகள் உண்டு. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது துரையும் கங்காணியும் தரும் சலுகை அல்ல.

1992 இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் போன பிறகு, பிள்ளைக்காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று பெயர் மாறின. பெயர் மாறினால் போதாது. பகலில் சூடான சாப்பாடும், சுத்தமான நீரும், பயிற்சி பெற்ற ஒருத்தியும் அங்கே இருக்க வேண்டும். தோட்டத்தில் பேர் இல்லாத தாயின் பிள்ளைக்கும், வெளியே வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும். மாதர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சம்பளம் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசட்டும்.

நம் கையில் இருப்பவை

அந்த அம்மாயி வீட்டில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பைக்கற்றுக்குப் போன காசில் முட்டை வாங்கினார். பருப்பைக் குழைத்து, நெத்தலியை வறுத்துப் பொடித்துச் சோற்றில் போட்டார். ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் சேர்த்தார். தேத்தண்ணியை நிறுத்தினார். போனை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார். முதல் 4 நாளும் பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு அழுதது. அம்மாயியும் சேர்ந்து அழுதார். பக்கத்து வீட்டுச் சித்தி தன் பிள்ளையையும் கூட்டிவந்து இரண்டையும் ஒன்றாக இருத்தி ஊட்டினாள். ஐந்தாம் நாள் பாதித் தட்டு முடிந்தது. இரண்டு மாதம் கழித்து நிறைக்கோடு மேலே திரும்பியது.

நீங்களும் செய்யக்கூடியவை இவை:

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலோடு குழைத்த உணவு. 9 மாதத்திலிருந்து நாளுக்கு 3, 4 வேளை, கொஞ்சம் கொஞ்சமாக.

ஒவ்வொரு நாளும் முட்டை, மீன், நெத்தலி, இறைச்சி இவற்றில் ஒன்று. எதுவும் முடியாத நாளில் பருப்பு, கௌபி, கடலை. கீரையோடு தேசிக்காய்ப் புளியோ தக்காளியோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

ரொட்டி சுடுவதென்றால் தேங்காய்ப்பூவும் நறுக்கிய கீரையும் முட்டையும் போட்டுச் சுடுங்கள்.

இனிப்புப் பானங்களின் போத்தலில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி 2016 முதல் உண்டு. சிவப்பு என்றால் சீனி அதிகம். எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் நிறம் தெரியும். அதைச் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் தாய் என்ற வழக்கத்தை மாற்றுங்கள். சத்தில்லாத தாயின் வயிற்றில் நிறையுள்ள பிள்ளை எப்படி வளரும்?

மாதா மாதம் நிறை பாருங்கள். பார்த்துவிட்டு அட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல், கோடு ஏறியதா என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள். 2 மாதம் ஏறாவிட்டால் மூன்றாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

இந்த மாதம் உங்கள் லயத்தில் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் தாய் ஊரில் இல்லாத பிள்ளைகள் யார் என்றும் பாருங்கள். அப்படிப்பட்ட ஒரு பிள்ளையையாவது அடுத்த கிளினிக் நாளில் உங்கள் பிள்ளையோடு சேர்த்துக் கூட்டிப் போங்கள். பாட்டிக்கு ஒரு மலை ஏற்றம் மிச்சமாகும், பிள்ளைக்கு ஒரு மாதம் மிச்சமாகும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.